கப்பலுக்கு அக்கினி மூலை

"இஞ்சாருங்கோ, அடுப்பைக் கொண்டுபோய் வாயு மூலையிலை வைச்சிருக்கிறியளே, உங்களுக்கு என்ன விசரோ?" என்று கேட்டாள் தவமணி.

சாப்பாட்டு மேசையில் ஒரு கப்பலின் வரைபடம் விரிந்து கிடந்தது. அது சுருண்டுவிடாமல் இருக்க, அவித்த மரவள்ளிக்கிழங்குத் தட்டைப் பாரமாக வைத்திருந்தார் அவள் கணவர் விநாசித்தம்பி. அரிசியைக் கண்ணால் கண்டு மாதக்கணக்காகிவிட்ட பினாங்கில், கிழங்கு இப்படி எல்லா வேலைக்கும் உதவியது.

"அது நான் வைச்சதில்லையப்பா. யப்பான்காரன் வைச்சது."

"வைச்சவன் ஆரெண்டாலும் இருக்கட்டும். கீழை கிடக்கிற கையெழுத்து ஆற்றை?"

கையெழுத்து அவருடையதுதான். விநாசித்தம்பி கிழங்குத் தட்டைச் சற்று நகர்த்தி அதை மறைத்தார்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு அவர் இருபது வருடம் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். எந்தக் கேபினில் காற்று வரும், எதில் எஞ்சின் சத்தம் கேட்கும், எதில் மாமியாரைப் படுக்க வைக்கலாம் என்றெல்லாம் வரைபடத்தைப் பார்த்தே சொல்லி டிக்கெட் விற்றவர். கப்பலில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. அலையைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். இந்தச் சின்ன விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

இப்போது அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டார் ஜப்பானிய லெப்டினன்ட் ஒகிமோட்டோ. பினாங்குத் துறைமுகத்துக்கும் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்கும் நடுவே நங்கூரமிட்டுக் கிடந்த ஒரு பழைய பயணிகள் கப்பலில் பெரிய தளபதி ஒருவர் கடல் தாண்டி மேடானுக்குப் போகப் போகிறார். சண்டையின் தொடக்கத்தில் விழுந்த குண்டு அந்தக் கப்பலின் சமையலறையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதனால் ஒரு மூலைக் கேபினில் இரும்புப் பீப்பாயை அறுத்து, களிமண் பூசி, விறகு அடுப்பு போட்டிருந்தார்கள். மரக் கப்பலறைக்குள் விறகு அடுப்பு! எந்தக் கேபினில் யார் படுப்பது, தீப்பிடித்தால் யார் எந்த வழியாக ஓடுவது, மணல் வாளி எங்கே தொங்குவது என்று முடிவு செய்ய வேண்டியது விநாசித்தம்பியின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை பார்வையிடுவதாக லெப்டினன்ட் சொல்லியிருந்தார். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் எச்சரிக்கையையும் சுருக்கமாகவே சொன்னார்.

"நெருப்பு. தளபதி சாவு. நீ, சியாம்."

சியாமில் ரயில் பாதை போடப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக ஊரில் பேச்சில்லை. விநாசித்தம்பி தொண்ணூறு பாகையில் வளைந்து கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

"வடமேற்கு காத்தின்ரை மூலை. அங்கை நெருப்பை வைச்சா, ஊதிப் பத்தாதே?" என்றாள் தவமணி. "தென்கிழக்குக்கு மாத்துங்கோ. அக்கினி தன்ரை மூலையிலை இருந்தா ஒருத்தரையும் தொடாது."

"கப்பலுக்கு ஆரப்பா மூலை பார்க்கிறது?"

"அப்ப சியாமுக்குப் போங்கோ. அங்கை அடுப்பே இல்லையாம்."

மறுநாளே மாற்றிவிடுவது என்று விநாசித்தம்பி தீர்மானித்தார்.

திசை பார்ப்பதில் சிரமமே இல்லை. பட்டர்வொர்த் கிழக்கு, பினாங்கு மலை மேற்கு. அடுப்பு இருந்த பன்னிரண்டாம் நம்பர் கேபின் அசல் வடமேற்கு. அதற்கு நேர் குறுக்கே, தென்கிழக்கில், தளபதிக்காக ஒன்றாம் நம்பர். இரண்டையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. சமையற்காரர் ஹபீப் முகம்மதுவும் மூன்று கூலிகளும் அடுப்பைத் தூக்கினார்கள். தளபதியின் கட்டில் எதிர்த்திசையில் போனது. விநாசித்தம்பி சிவப்புச் சாயத்தை எடுத்து, தீப்பிடித்தால் அடுப்புக்கு எதிர்ப்பக்கமாக ஓடும்படி சுவரெல்லாம் அம்புக்குறி போட்டார். சாயங்காலம், கப்பலுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் நல்லமுத்துவின் இழுவைப் படகில் கரைக்குத் திரும்பும்போது அவருக்குக் குமட்டல்கூட வரவில்லை.

அடுத்த நாள் காலை ஆபீசில் தலை காட்டிவிட்டுக் கப்பலுக்குப் போய், அடுப்படியின் ஜன்னலைத் திறந்தார். பட்டர்வொர்த்தைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பினாங்கு மலை நின்றுகொண்டிருந்தது.

"ஹபீப்! அடுப்பை ஏன் பழையபடி வாயு மூலையிலை கொண்டுபோய் வைச்சனீர்?"

"நான் எங்க வச்சேன் கிராணி ஐயா? இதைத் தூக்க நாலு பேரு வேணும்லா! கதவுல நம்பரைப் பாருங்க, ஒண்ணு. நேத்து வச்ச எடத்துலதான் இருக்கு."

விநாசித்தம்பி வெளியே வந்து நம்பரைப் பார்த்தார். பிறகு பட்டர்வொர்த்தைப் பார்த்தார். அது கப்பலின் மறுபக்கத்தில் சாவகாசமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கப்பல் முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பி நின்றது.

இருபது வருட அனுபவம் வீண் போகுமா? அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"வத்தப்பெருக்கு!" என்றார் கம்பீரமாக. "தண்ணி ஏறி இறங்கேக்கை கப்பல் திரும்பும். உமக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியாதுங்க ஐயா," என்றார் ஹபீப். அடுப்பை மறுபடி தூக்கச் சொல்லிவிடுவாரோ என்பதுதான் அவருடைய கவலை.

தூக்கத்தான் சொன்னார். அடுப்பு பன்னிரண்டுக்குப் போனது. கட்டில் ஒன்றுக்கு வந்தது. நேற்று அந்த அறையில் கருவாடு பொரித்திருந்ததால் தளபதியின் மெத்தை அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டது. பழைய அம்புக்குறிகளை அழிக்க மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. புதியவற்றைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டார். பெரிய அம்புக்குத்தான் ஆட்கள் மரியாதை கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு.

மறுநாள் போனால் கப்பல் மறுபடியும் திரும்பி நின்றது. அடுப்பு வாயு மூலையில் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"கிராணி ஐயா," என்றார் ஹபீப், "பேசாம அடுப்புக்கு நாலு சக்கரம் வச்சிடலாம்லா."

அதையும் விநாசித்தம்பி ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தார். பிறகு, தீப்பிடித்த நேரத்தில் அடுப்பு தானாக உருண்டு தளபதியின் அறைக்குள் போவது போல மனக்கண்ணில் தெரியவே விட்டுவிட்டார்.

அன்று ஒத்திகை வேறு வைத்திருந்தார். பயணிகளாக நடிக்க ஆபீசிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். அடுப்பை ஒன்றுக்கு மாற்றி, மூன்றாவது தடவையாக அம்புக்குறி போட்டு முடித்ததும் மணி அடிக்கப்பட்டது. "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினார் ஹபீப். எல்லாரும் அம்புக்குறியைப் பார்த்து ஓடினார்கள். சின்ன அம்பைப் பார்த்தவர்கள் இடப்பக்கமாகவும் பெரிய அம்பைப் பார்த்தவர்கள் வலப்பக்கமாகவும் ஓடி, நடைவழியில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடி ஓடினார்கள். கப்பலை மூன்று தடவை சுற்றி வந்த பிறகு, அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் அடுப்படிக்குள் போய் நின்றார்கள்.

"இதுதான் நெருப்பு!" என்று விநாசித்தம்பி அலறினார். "இதிலை இருந்துதான் நீங்கள் தப்பி ஓட வேணும்!"

"அம்பு இங்கதானே காட்டுது?" என்றார் ஒருவர். இன்னொருவர் சட்டி மூடியைத் திறந்து பார்த்து, "மீனா? எப்ப ஆகும்?" என்று விசாரித்தார்.

விநாசித்தம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை, லெப்டினன்ட் பார்வையிடும் நாள். இத்தனைக்கும் காரணம் இந்தப் பாழாய்ப்போன கப்பல் ஒரு இடத்தில் நிற்காததுதான். அது நின்றால் அடுப்பு நிற்கும். அடுப்பு நின்றால் அம்பு நிற்கும்.

"ஹபீப், கப்பலை இழுத்துக் கட்டுவம். நல்ல மொத்தக் கயிறாப் பார்த்துக் கொண்டு வாரும்."

"கயிறுக்கு எங்க போறது ஐயா? தூக்கு மாட்டிக்கிறதுக்குக்கூட இப்ப பினாங்குல கயிறு கெடைக்காது."

விநாசித்தம்பி சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தக் கப்பல் முழுக்கத் தேடினாலும் நீளமாக, தடிமனாக, உறுதியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். தீயணைக்கிற தண்ணீர்க் குழாய்.

அதை அவிழ்க்கும்போது அவருக்கே மனசு உறுத்தியது. ஆனால் நெருப்பு வந்தால்தானே குழாய் வேண்டும். அக்கினி தன் மூலையில் இருந்தால் நெருப்பே வராதே! பம்பில் பூட்டியிருந்த நுனியைக் கழற்றாமல், குழாயைக் கப்பலின் கம்பியிலும் அதன் மறு நுனியைத் தண்ணீரில் மிதந்த இரும்பு மிதவையிலும் சுற்றி, பிரயாசைப்பட்டு முடிச்சுப் போட்டார்கள். அன்று வீட்டில் தவமணி கேட்டதற்கு, "இனிக் கடவுள் வந்தாலும் அசையாது," என்று பதில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை லெப்டினன்டோடு கப்பலை நெருங்கியபோதே விநாசித்தம்பிக்குத் தெரிந்துவிட்டது. கப்பல் திரும்பியிருந்தது. குழாய் நடுவில் அறுந்து, பாதி கப்பலிலும் பாதி மிதவையிலும் தொங்கியது. குழாயைக் கட்டியிருந்த கம்பியும் பிய்ந்து, அதில் மாட்டியிருந்த மணல் வாளிகள் எல்லாம் கடலுக்குள் போயிருந்தன.

ஒகிமோட்டோ மேலே ஏறினார். நேரே அடுப்படிக்குப் போனார். அடுப்பைப் பார்த்தார். ஜன்னல் வழியே பினாங்கு மலையைப் பார்த்தார். அவருடைய காது நுனி சிவந்தது. பிறகு நடைவழிக்கு வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக நாலு திசையும் காட்டிய சிவப்பு அம்புகளை வெகுநேரம் பார்த்தார்.

"மணி," என்றார்.

ஹபீப் மணியை அடித்தார். ஆபீஸ் ஆட்கள் ஓடினார்கள், முட்டினார்கள், சுற்றினார்கள், அடுப்படிக்குள் போய் வரிசையாக நின்று லெப்டினன்டுக்குக் கும்பிடு போட்டார்கள். ஒரு கூலி பம்பை அடித்தான். அறுந்த குழாயிலிருந்து தண்ணீர் சீறி வந்து, கப்பலில் வேறு எதையும் நனைக்காமல் லெப்டினன்டின் பூட்சை மட்டும் நிரப்பியது.

அவர் தள்ளாடிப் போய்த் தளபதியின் மெத்தையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார். விநாசித்தம்பி வளைந்த முதுகை நிமிர்த்தவே இல்லை. தவமணி இனித் தனியாக எப்படி இருப்பாள், தன்னுடைய கோட்டு சியாம் மழைக்குத் தாங்குமா என்றெல்லாம் மனது எங்கெங்கோ ஓடியது. வாய்விட்டு முருகா என்று கூப்பிடக்கூடப் பயமாக இருந்தது.

"அடுப்பு," என்றார் ஒகிமோட்டோ மெல்ல. "மூலை. தினம் தினம். மாறுது." அவர் குரல் நடுங்கியதை விநாசித்தம்பியால் நம்பவே முடியவில்லை. "இந்தக் கப்பல், பேய்!"

விநாசித்தம்பி ஆவலோடு தலையாட்டினார்.

"தளபதி, கப்பல் இல்லை. தளபதி, விமானம்." லெப்டினன்ட் எழுந்தார். விரல் விநாசித்தம்பியை நோக்கி நீண்டது. "நீ..."

விநாசித்தம்பி இன்னும் கொஞ்சம் வளைந்தார்.

"நீ, ஆபீஸ். நாற்காலி. போ."

இத்தனை வருட வாழ்க்கையில் நாற்காலி என்ற சொல் விநாசித்தம்பியின் காதுக்கு இவ்வளவு இனிமையாக ஒலித்ததில்லை. லெப்டினன்ட் பூட்சிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தன்னுடைய படகில் போய்விட்டார். விநாசித்தம்பி நல்லமுத்துவின் இழுவைப் படகில் ஏறி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு பொங்கியது.

"பார்த்தீரே நல்லமுத்து? லெப்டினன்டே பயந்திட்டார். நான் எவ்வளவு பாடுபட்டன்! ஒவ்வொரு நாளும் அடுப்பை அக்கினி மூலைக்கு மாத்திப்போட்டுத்தான் வீட்டுக்குப் போவன். விடிஞ்சு வந்து பார்த்தா, கடல் கப்பலைத் திருப்பிப்போட்டிருக்கும். கடலோடை ஆர் சண்டை பிடிக்க ஏலும்?"

நல்லமுத்து கொட்டாவி விட்டார். சுக்கானைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடலா? நான்ல ஐயா திருப்புறேன்! அடுப்பு தென்கிழக்குலதான் இருக்கணும்னு லெப்டினன்டோட அம்மா ஜப்பான்லேர்ந்து சொல்லி அனுப்பினாங்களாம். அவரு தெனம் விடியக்காலைல வந்து பாத்துட்டு, அடுப்பு அந்த மூலைக்கு வர்ற மாதிரி கப்பலைத் திருப்பச் சொல்லிட்டுப் போவாரு, நானும் சாயங்காலம் ஒங்களைக் கரையில எறக்கி விட்டுட்டு வந்து திருப்பி வைப்பேன், ஆனா அதுக்குள்ளதான் நீங்க அடுப்பைத் தூக்கிக்கிட்டுப் போயிடுறீங்களேலா!"