என் குறைகள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த விவரம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். என் மனசு மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் உங்கள் அக்கா.

நான் மேற்பார்வையாளராக இருந்த கிடங்கை இழுத்து மூடியது உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போக ஓரிடம் இல்லாத என்னை எனக்கே பிடிக்கவில்லை. இந்த நிலையில் ஒரு மருந்துக் கம்பெனி தன் கிடங்குக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்து விண்ணப்பித்தேன். இந்த வயதில் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன், கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் முதலில் அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம், அது பிடித்தால்தான் நேர்முகத் தேர்வாம். எத்தனையோ பேரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டவன் நான்; இப்போது செல்போனைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதாயிற்று.

பயிற்சி கொடுக்கும் பொறுப்பை என் மகள், அதாவது உங்கள் மருமகள், எடுத்துக்கொண்டாள். சர்க்கரை டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்தாள். எனக்கு மேலே கோட்டு, டை. கீழே பழைய கைலி, ஏனென்றால் இடுப்புக்குக் கீழே தெரியாதாம். "அப்பா, சிரிங்க. ஐயோ, அது அழற மாதிரி இருக்கு" என்று படாத பாடு படுத்தி ஒருவழியாக ஒத்திகையைத் தொடங்கினாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள், சொன்னேன். அடுத்து, "உங்ககிட்ட இருக்கிற குறை என்ன?" என்று கேட்டாள். 'நான் அளவுக்கு மீறி உழைப்பவன்' என்று சொல்வதற்காக முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"குறையா? அதை எங்கிட்ட கேளு!" என்று கரண்டியும் கையுமாக வந்தாள் உங்கள் அக்கா. "இந்த மனுஷன் கதவைப் பூட்டிட்டுப் படியிறங்கி, மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதுக்குள்ள பஸ் போயிடும். வாங்கின சாமானை கடைக்காரர் முன்னாடியே கொட்டி எண்ணுவார். நான் முகத்தை எங்க வச்சுக்கிறது? தலைவலின்னு மாத்திரை கேட்டா தேதி பார்க்காம தரமாட்டார். அவர் கண்ணாடியத் தேடி எடுத்துப் படிக்கிறதுக்குள்ள எனக்குத் தலைவலியே போயிடும். உப்பு டப்பாவை ஒரு சாண் நகர்த்தினா, யார் எடுத்தது, எதுக்கு எடுத்ததுன்னு விசாரணை. மழையில என் தம்பி ஒரு குடை கேட்டான். சொந்தத் தம்பி! அவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுல்ல குடுத்தார்!"

"அம்மா, ரெக்கார்ட் ஆகுதும்மா" என்றாள் மகள். "ஆகட்டும்!" என்றாள் உங்கள் அக்கா. குடை விஷயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்து எல்லோரிடமும்தான் வாங்குவேன்.

பிறகு உங்கள் அக்கா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, நிதானமாக, திக்காமல் திணறாமல் இன்னொரு வீடியோ எடுத்தோம். மகள் அனுப்பிவிட்டேன் என்றாள். அனுப்பிய பொருளைச் சரிபார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அதனால் போனை வாங்கிப் பார்த்தேன். பாதியில் கரண்டி தெரிந்தது. போயிருப்பது முதல் வீடியோ! குடை என்று அவள் சொன்னதும் நான் பதறி எழுந்திருக்கிறேன், கைலியும் வீடியோவில் சேர்ந்தே போயிருக்கிறது. மகளைக் கேட்டால் தலையைச் சொறிகிறாள். சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்தேன், மைத்துனரே. அவ்வளவு ஆசை இருந்தது.

ஆகவே உடனே புறப்பட்டு வந்து உங்கள் அக்காவைச் சில நாள் அழைத்துப் போகவும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. உப்பு கேட்பதும் மகள் மூலமாகத்தான்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. குழந்தைகள் ஒரு குறையும் இல்லாமல், இருந்தாலும் அதை யாரும் படம் பிடிக்காமல், நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
பதில் தெரிந்தும் சொல்ல விடப்படாத
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. கம்பெனி மேலாளர் அம்மாள் பேசினார். நேர்முகத் தேர்வெல்லாம் வேண்டாமாம், திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட வேண்டுமாம்! மற்ற வீடியோக்களில் எல்லோரும் அளவுக்கு மீறி உழைக்கிறார்களாம். மாத்திரைக்குத் தேதி பார்க்கிற ஆள் நான் ஒருவன்தானாம். "அந்தம்மா சொன்னது அத்தனையும் உண்மையா சார்?" என்று கேட்டார். "ஒண்ணுகூட பொய்யில்லைங்க" என்றேன். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். மகளிடம், "நல்லவேளை, மாத்தி அனுப்பினே" என்றேன். "நான் எங்கப்பா மாத்தினேன்? அம்மாதான் முதல்ல எடுத்ததையே அனுப்புன்னாங்க" என்கிறாள்! திரும்பிப் பார்த்தேன். உங்கள் அக்கா என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. ஆகவே நீங்கள் புறப்பட வேண்டாம். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் இதை அனுப்புகிறேன், படித்தவுடன் கிழித்துவிடவும். கிழித்ததற்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.