எண்ணெயும் தண்ணீரும் கலந்த விவரம்

காரைக்குடி,
12.11.1978

பம்பாயில் இருக்கும் மகள் விசாலத்துக்கு, குன்றக்குடி முருகன் துணையோடு அப்பா ஏகப்பன் எழுதுவது. இவ்விடம் நானும் பசுமாடும் நலம். உன் நலத்துக்கும் உன் கம்பெனி நலத்துக்கும் எழுதவும்.

கடிதம் கண்டதும் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கு வரவும். அரியக்குடி சின்னச்சாமி தன் மகனுக்கு உன்னைப் பெண் கேட்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு பெண் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். எனக்கும் அது கசக்கவில்லை. உன் ஆத்தா போனதிலிருந்து வீட்டில் பேச்சுக்குரல் என்றால் ரேடியோதான். அதுவும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

பொண்ணுக்கு அங்கே என்ன வேலைன்னு கேட்டார். துணியை மெத்துன்னு ஆக்க சிலிக்கோன் எண்ணெயைத் தண்ணியில கலக்குதுன்னு சொன்னேன். எண்ணெய் எப்படித் தண்ணியில கலக்கும்னு சிரிச்சார். எனக்கு ரோஷம் வந்து, லீவுல நீ வச்சிட்டுப் போன ரெண்டு பாட்டிலையும் எடுத்தாந்தேன், ஒண்ணு எண்ணெய், இன்னொண்ணு ஒரு கையால எண்ணெயையும் மறுகையால தண்ணியையும் பிடிச்சுக்கிற சோப்பு மாதிரி மருந்து, முறைதான் மறந்துபோச்சு, ஒரு செம்புத் தண்ணியை மொத்தமா ஊத்தி மத்தால கடைஞ்சேன், பாலாட்டம் வெள்ளையா வந்து தரையில சிந்துச்சு, எந்திரிச்ச சின்னச்சாமி அதுல காலை வச்சு வழுக்கிட்டே போய்த் தூணைக் கட்டிப்பிடிச்சு நின்னார். அடியில்லை. "இதுக்கா பொம்பளப் பிள்ளையப் பம்பாய்க்கு அனுப்புனீக? வந்து மாட்டைப் பாக்கச் சொல்லுங்க"ன்னார். நானும் தலையாட்டிட்டேன்.

அவர் போனபிறகு நீ செஞ்ச முறை ஞாபகம் வந்துச்சு. முதல்ல எண்ணெயில மருந்து, அப்புறம் தண்ணி சொட்டுச் சொட்டா. பாட்டில்ல இருந்த மிச்சத்தை வச்சு ஒரு கண்ணாடிக் கிளாசுல அப்படியே செஞ்சேன். கூழாட்டம் இறுகுச்சு, விடாமக் கிண்டுனேன், இளகுச்சு, துளி அம்புட்டுப் பொடிசானா வெளிச்சமே கண்டுக்காமப் போயிரும்னு நீ சொன்ன மாதிரி தெளிஞ்சுருச்சு. கிளாசுக்கு அங்குட்டுக் கொல்லையில மாடு நிக்கிறது தெரிஞ்சுச்சு. "விசாலம், இங்க வந்து பாரு"ன்னு வாய்விட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்டபிறகுதான் வீட்டுல யாரும் இல்லேன்னு உறைச்சுச்சு. மாட்டுக்கிட்டக் கொண்டுபோய்க் காட்டுனேன். அது குடிக்கப் பாத்துச்சு.

ஆகவே தாமதிக்காமல் கிளம்பி வரவும். வேளைக்குச் சாப்பிடு. முருகன் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா ஏகப்பன்

பின்குறிப்பு: தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு, போடாம நேரா அரியக்குடிக்குப் பஸ் ஏறிட்டேன். "பாலாட்டம் வந்தது என் கைத்தப்பு. எம் மக செஞ்சா தெளிவா வரும். அவ அங்கேயே இருக்கட்டும்"னு சின்னச்சாமிகிட்டச் சொல்லிட்டேன். அவருக்கு வருத்தந்தான். எனக்கும்தான். நீ ராஜினாமா எழுதவேண்டாம். பொங்கலுக்கு லீவு கேட்டுப் பாரு. கிடைக்காதுன்னு தெரிஞ்சா, அதை மட்டும் சீக்கிரமா எழுதிராதே.