விருந்தாளிக்கு மட்டும்

ரஃபீக்கா உச்சி வெயிலில் வந்து நின்றதும், ஒன்றும் கேட்காமல் உள்ளறையில் தொழுகை விரிப்பைப் போட்டு, கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யச் செம்பில் தண்ணீரும் வைத்தவள் முன்ஜியா. அந்த நல்ல மனசை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால் அவள் 'எங்க வீட்ல எல்லாம் கைப்பட செஞ்சதுதான்' என்கிற இனம். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் மட்டுமா இருக்கிறது அந்த இனம்?

டின்னிலும் பாக்கெட்டிலும் கெடாமலிருக்கப் போடுகிற மருந்து ஊரார் வயிற்றில் எவ்வளவு போகிறது என்று வீடு வீடாகக் கேட்டறிவது ரஃபீக்காவின் வேலை. கேட்ட வீட்டிலெல்லாம் பார்லி ரொட்டி, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான்! "ஊரே சொர்க்கத்துலயா சாப்பிடுது? இந்தத் தெருவும் இப்படியே சொன்னா, உன் வேலைக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

"நேத்து என்னக்கா சாப்பிட்டீங்க?"

நேற்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள் முன்ஜியா. கோடையில் கோதுமை ரவையைத் தானே உருட்டிக் காயவைத்த கூஸ்கூஸ், மொட்டைமாடியில் உலர்த்திய மிளகாயை இடித்த ஹரிஸா விழுது, உப்பு நீரில் ஊறிய ஆலிவ், மாமியாரே மெச்சிய எலுமிச்சை ஊறுகாய் என்று மூச்சு விடாமல் போனாள்.

"பாக்கெட் ஜூஸ்? டின் மீன்?"

"அல்லாஹ் மேல ஆணையா, எங்க வாயில படாது! விஷம் பொண்ணே அதெல்லாம்."

மனமறிந்து பொய் சொல்கிறவள் அல்ல. அதுதான் சங்கடமே.

"வெறும் வாயோட போவியா?" என்று எழுந்துபோய்த் தட்டோடு வந்தாள். தட்டில் பாக்கெட் ஜூஸ், டின் சூரைமீன், பாக்கெட்டில் வரும் சலாமி இறைச்சித் துண்டுகள், பளபளக்கும் காகிதத்தில் கேக். கூஸ்கூஸை விருந்தாளி முன் வைத்தால் வீட்டு மானம் என்னாவது?

"இது என்னக்கா?"

"இது விருந்தாளிக்கு. நாங்க தொடமாட்டோம்" என்றபடி ஒரு சலாமித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"இப்பத் தின்னீங்களே!"

"உன்னைத் தனியாச் சாப்பிட விடுறதா? நல்லா இருக்கே! இது துணைக்கு."

ரஃபீக்காவுக்குப் பளிச்சென்றது. கேள்வியை மாற்றினாள். "சரிக்கா, நேத்து வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?"

மடை திறந்தது! காலையில் நாத்தனாரும் அவள் வாண்டுகளும், அப்புறம் குழாய் ரிப்பேர்காரர், சல்லடை இரவல் கேட்க வந்து அந்தி மஃரிப் பாங்கு வரை நகராத பக்கத்து வீட்டுக்காரி. வந்தவர்க்கெல்லாம் ஜூஸ், வந்தவர்க்கெல்லாம் கேக். துணைக்கு முன்ஜியா. அவள் துணைக்குப் பிள்ளைகள் எல்லாரும்! எழுதி மாளவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிழைப்பு தப்பியது. அடுத்த வீடுகளிலும் ரஃபீக்கா விருந்தாளிகளைப் பற்றியே கேட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் வாசலில் ஒரு ரஃபீக்கா வந்து நின்றால், ஃப்ரிட்ஜை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அப்புறம் சத்தியம் செய்யுங்கள்.

முன்ஜியா என்ன செய்தாள் என்கிறீர்களா? வாசல்வரை வந்து, ரஃபீக்கா தின்றதுபோக மிச்சக் கேக்கை அவள் பையில் திணித்துவிட்டுச் சொன்னாள்:

"மறக்காம எழுதிக்க பொண்ணே, இந்த வீட்ல பாக்கெட் சாமான் தின்னது நீ ஒருத்திதான்."