தேயாத டயர்

ஒரு காட்டில், கல்லைத் தவிர வேறொன்றும் விளையாத மலைச்சரிவில், மருதப்பன் என்றொரு கீரி இருந்தது. உச்சியில் கரடி வைத்தியர் நடத்தும் ஆஸ்பத்திரிக்குத் தினமும் சைக்கிளில் மருந்து கொண்டுபோக ஆள் எடுத்தார்கள். பாறைப் பாதையில் உச்சிவரை ஓட்டிக் காட்டினால் வேலை. மருதப்பன் வீட்டோடு மாப்பிள்ளை. ஏழு வருடமாகச் சும்மா இருக்கிறது. மாமனார் தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டதே இல்லை, மருமகன் இலையைத்தான் பார்ப்பார். இந்த வேலை கிடைத்தால்தான் தனிவளை, நிம்மதியான சோறு.

சைக்கிளின் பழைய டயர் வழுக்கையாகிவிட்டது. அந்தப் பாதையில் அன்றாடம் சைக்கிள் மிதிக்கிற ஒரே ஜீவன் வரையாடு பேச்சிமுத்து. அதனிடம் போய் யோசனை கேட்டது.

"மெத்து ரப்பரா எடு மாப்ளே. மேல துருத்துற பட்டன் பெருசா இருக்கணும், பக்கம் தடிப்பா இருக்கணும். காத்தைக் கொஞ்சம் கொறச்சு வச்சா பாறையை விடவே விடாது. என்ன, ஆறு மாசத்துல தேஞ்சுரும்."

"தேயுமா?"

"பாறையில உரசினா தேயத்தானே செய்யும்."

உண்மை பேசுகிறவனுக்கு விவரம் போதாது என்று மருதப்பன் முடிவு கட்டியது. செல்போனைத் திறந்தது. வாங்கினவர்கள் மெத்து டயருக்குப் போட்டிருந்தது இரண்டு நட்சத்திரம். கெட்டி டயருக்கு ஐந்து. ஆமை அய்யாச்சாமி எழுதியிருந்தது: 'நான்கு வருடம் ஆகிறது. துளியும் தேயவில்லை. ஒரு பஞ்சர் கிடையாது.' மருதப்பன் கெட்டி டயரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

புதன்கிழமை சோதனை. மூன்றாம் வளைவில் ஈரப்பாறை. டயர் துளியும் தேயவில்லை. மருதப்பன்தான் முழங்காலிலிருந்து மூக்குவரை தேய்ந்துபோனது. உச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது என்னவோ நிஜம், தூளி கட்டித் தூக்கிப் போனார்கள்.

கட்டுப் போட்டுப் படுத்தபடி ஆமைக்குப் போன் போட்டது.

"அண்ணாச்சி, எந்தப் பாறையில ஓட்டினீய?"

"ஓட்டவா? வாசல்ல தொங்க விட்டிருக்கேன் தம்பி, கண் திருஷ்டிக்கு. நல்ல உழைப்பு."

மருதப்பனுக்கு அழுகை முட்டியது. அந்நேரம் பார்த்து காட்டுப்பூனை சுடலி அழைத்தது. வெள்ளிக்கிழமை அதே வேலைக்கு அதற்குச் சோதனை. மருதப்பன் விழுந்த சேதி இன்னும் அதற்கு எட்டவில்லை.

"அண்ணே, நீங்க போட்ட டயர் எப்படி?"

சுடலிக்கு வேலை கிடைத்துவிட்டால் மாமனார் அதையே வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். நினைக்கும்போதே மருதப்பனுக்கு வயிறு எரிந்தது. பக்கத்துக் கட்டில் வேறு காலியாகக் கிடந்தது.

"கண்ணை மூடிட்டு வாங்கும்மா. நேரா ஆஸ்பத்திரியில கொண்டாந்து விட்டுது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்துக் கட்டில் நிரம்பியது. சுடலி மருதப்பனின் கட்டுகளை மேலும் கீழும் பார்த்தது. வேலைக்கு மறுபடியும் ஆள் கேட்டு அறிவிப்பு வந்ததும், கட்டுப் போடாத கையால் செல்போனை எடுத்து, அந்த டயருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

நீதி: பிறர் விழுந்த இடத்தில் நீ விழாமல் தப்புவது கடினம், நீ விழுந்த இடத்தில் பிறரை விழவைக்க ஐந்து நட்சத்திரம் போதும்.