கடப்பாரைக்குப் பிடித்த தோஷம்

ஞாயிற்றுக்கிழமையானால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் முதல் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. எல்லாரும் நிழலை அளக்கப் போகிறார்கள். சட்டைக்கு அளவு கொடுக்க டவுனுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிழலுக்கு அளவு கொடுக்கப் பொட்டலுக்குப் போகிறவர்களை இந்த வருஷம்தான் பார்த்தேன்.

அளப்பவர் நிழல் சித்தர். போன வருஷம்வரை பெயர் ஐயாத்துரை, தொழில் பிளாட் புரோக்கர். "பக்கத்துலயே பெரிய மில்லு வரப்போகுது" என்று கல் நட்டு வைத்ததில் ஒரு பிளாட்கூட விற்கவில்லை. விற்காத பிளாட்டிலேயே காவி கட்டி உட்கார்ந்துவிட்டார். மனை அளந்த டேப்பை மஞ்சள் தண்ணீரில் நனைத்தார். தெய்வீக டேப் ஆகிவிட்டது. மருந்துக்கும் மரம் கிடையாத மைதானம். நிழல் வியாபாரத்துக்கு இதைவிடத் தோதான இடம் ஏது?

காலை ஏழரை மணிக்கு ஆளை வெயிலில் நிறுத்தி டேப்பை இழுப்பார். ஐந்தடி ஆளுக்குப் பதினாலடி நிழல் கிடக்கும்.

"பாத்தியா, சனி எம்புட்டு நீளத்துக்கு இழுத்து வச்சிருக்கான்!"

பிறகு பந்தலுக்குள் ஹோமம். உச்சிப்பொழுதில் மறுபடி வெயிலில் நிறுத்துவார். நிழல் செருப்புக்குள் போயிருக்கும். பக்தருக்குக் கண்ணீர் வந்துவிடும். ஹோமப் புகையும் காரணமாக இருக்கலாம்.

மைக்கில் தத்துவம் வேறு. "நம்ம முன்னோர்கள் நிழலை அளந்துதான் நேரம் பாத்தாங்க. நல்ல நேரமும் நிழல்லதான், கெட்ட நேரமும் நிழல்லதான். வெள்ளைக்காரன் வாட்சைக் கட்டிவிட்டு அந்த ஞானத்தை அழிச்சுப்புட்டான்!" முதல் வாக்கியம் உண்மை. பொய் விற்பவன் ஒரு கைப்பிடி உண்மையை எப்போதும் மடியில் வைத்திருப்பான்.

நிபந்தனை இரண்டு. பன்னிரண்டரை பஸ்ஸில் கிளம்பிவிட வேண்டும். பொழுது சாய அந்த மண்ணில் நின்றால் தோஷம் திரும்ப ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போய் நிழலைக் குனிந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கூப்பிட்டதாக அர்த்தம். அத்தனை பேரும் ஊருக்குள் வானத்தைப் பார்த்தே நடந்தார்கள். இரண்டு பேர் சாக்கடையில் விழுந்தார்கள். அதுவும் தோஷத்தின் கணக்கில் போனது.

அப்பா லோடு இறக்கும்போது கால் பிசகி விழுந்தார். அதோடு சித்தர் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார். அம்மா முத்துமாரியம்மாள், அப்பாவையும் தங்கை சுகந்தியையும் இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் வீட்டில் சுகந்திதான் உயரம். அவள் நெட்டுக்குத்தாக நின்றாள். அப்பா நொண்டிக்கொண்டு சாய்ந்து நின்றார். தெய்வீக டேப் தீர்ப்புச் சொன்னது.

"மக நிழலு அப்பன் நிழலைவிட நீளம். அது அப்பனைத் தின்னுது. மூணு ஞாயிறு பரிகாரம். அதுவரைக்கும் இங்க வர்றதைத் தவிர பொண்ணு ஊரெல்லையைத் தாண்டப்படாது."

அந்த மூன்று ஞாயிறுகளுக்கு நடுவில் ஒரு திங்கட்கிழமை இருந்தது. அன்று மதுரையில் நர்ஸிங் காலேஜில் சேராவிட்டால் சுகந்தியின் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நெட்டையாப் பொறந்தது குத்தமாம்மா?" என்று அழுதாள் சுகந்தி.

"அப்பனைவிட நெட்டையா வளந்தது குத்தந்தான்."

"நான் வேணா முக்காலி போட்டு நிக்கட்டா?" என்றார் அப்பா, கட்டுப் போட்ட காலோடு.

"சும்மா கெடங்க. ஒங்களுக்காகத்தான் இம்புட்டும்." என் பக்கம் திரும்பினாள். "நீ பேசாத. நாலெழுத்துப் படிச்சுட்டா சாமிக்கே பாடம் எடுப்பியாக்கும்?"

நான் படித்தது பி.காம். இந்த விவகாரத்துக்கு அதுகூட அதிகம்.

இரண்டாவது ஞாயிறு நானும் போனேன். மறுநாள்தான் அந்தத் திங்கள். பந்தல் போட்டவர்கள் விட்டுப்போன கடப்பாரை ஒன்று கிடந்தது. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் அதை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார் சீடர் இன்பராஜ்.

"ஏம்மா, என்ன பண்ணுத?"

"கடப்பாரைக்கு நேரம் சரியில்லண்ணே."

"அதுக்குத் தனி டோக்கன் வாங்கணும்."

"வாங்காமத்தான் நிக்குது. என்ன ஆகுதுன்னு பாப்போம்."

உச்சிப்பொழுது. எல்லார் நிழலும் காலடிக்கு வந்துவிட்டது. கடப்பாரை நிழலும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கடப்பாரைக்குள் ஒடுங்கிவிட்டது.

"எல்லாரும் இங்க வாங்க!" என்று கத்தினேன். "இது டோக்கன் வாங்கல. ஹோமத்துல உக்காரல. இதுக்கு எப்படி ஒடுங்குச்சு?"

கூட்டம் கல்லைப் பார்த்தது, கடப்பாரையைப் பார்த்தது. அவ்வளவுதான், முடிந்தது ஆட்டம் என்று நினைத்தேன். சித்தர் பந்தலுக்குள் இருந்தபடியே சிரித்தார்.

"மகளே, என் எல்லைக்குள்ள நிக்கிற இரும்புக்கும் அருள் உண்டு. கடப்பாரையும் கரையேறிருச்சு!"

ஒரே கைதட்டல். ஓர் அம்மா ஓடிவந்து கடப்பாரைக்குக் குங்குமம் வைத்தார். இன்னொருவர் பூச் சுற்றினார். நான் நட்ட சாட்சியையே சாமியாக்கிவிட்டார்கள். "ஊரு முன்னாடி மானத்தை வாங்கிட்டியேடி" என்றாள் அம்மா. சுகந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டரை பஸ் வரவில்லை. வழியில் நின்றுவிட்டதாம், போன் வந்தது.

"கிளம்புங்க, நடந்தாவது போங்க!" என்று மைக்கில் பதறினார் சித்தர்.

"இந்த வேகாத வெயில்ல எங்கிட்டுச் சாமி போறது?" என்றார் அரிசிக்கடை உக்கிரபாண்டி.

நிழல் பஸ்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. முதலில் விரலளவு எட்டிப் பார்த்தது. அப்புறம் முழங்கையளவு. மூன்று மணிக்கெல்லாம் அவரவர் உயரத்துக்குத் தரையில் படுத்துவிட்டது. தடையை மறந்து முதலில் குனிந்து பார்த்தவர் உக்கிரபாண்டிதான்.

"சாமி! எனக்குத் திரும்ப வந்துருச்சு!"

ஆளாளுக்குக் காலை உதறினார்கள். ஒருவர் ஓடிப் பார்த்தார். அதுவும் கூடவே ஓடியது.

"நாந்தான் சொன்னேனே! பொழுது சாய நின்ன பாவம்!" என்றார் சித்தர்.

"சரி சாமி," என்றேன். "கரையேறுன கடப்பாரையைப் பாருங்க. பூவும் பொட்டுமா நிக்குது. காலையில மேற்க கெடந்த நிழலு இப்பக் கிழக்க நீளுது. இது எந்த அப்பனைத் தின்னுது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் அம்மாவிடம் திரும்பினேன்.

"களை எடுக்கப் போனப்ப ஒனக்கு வாட்ச் இருந்துச்சாம்மா?"

"எனக்கேதுடி வாட்சு?"

"அப்பக் கஞ்சிக்கு எப்பக் கரையேறுவ?"

"நிழலு காலடிக்கு வந்தா கஞ்சிக்கு. காட்டுக்காரன் இன்னும் நேரமாகலைம்பான். குனிஞ்சு பாருய்யான்னு நிழலைக் காட்டிட்டுத்தான் ஏறுவோம். மறுக்க அது ஆளு ஒசரத்துக்கு நீண்டா, வேலை விடப்போற நே..."

நிறுத்திவிட்டாள். கடப்பாரையைப் பார்த்தாள். தன் நிழலைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய்யா, காட்டுல எனக்குத் தெனமும் ஒடுங்குச்சு, தெனமும் நீண்டுச்சு. அப்ப எந்தச் சித்தன் வந்து டேப்பு பிடிச்சான்? எம்மகளையாய்யா வீட்டுக்குள்ள பூட்டி வைக்கச் சொன்ன? வெளிய வாய்யா வெயிலுக்கு!"

சித்தர் பந்தலை விட்டு அசையவில்லை. கூட்டமே இழுத்து வந்து நிறுத்தியது. டேப்பை உக்கிரபாண்டி பிடித்தார். உச்சிக் கொண்டையோடு சேர்த்து, சித்தரின் நிழல் சுகந்தியின் நிழலைவிட ஒரு சாண் நீளம்.

"யோவ் ஐயாத்துரை," என்றார் உக்கிரபாண்டி, "ஒங்கப்பா இருக்காரா, தின்னு முடிச்சுட்டியா?"

அங்கே வெடித்த சிரிப்பில் ஐயாத்துரை உண்டியலை விட்டுவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் ஓடினார். அவர் நிழல் மட்டும் கூடப் போனது.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் சுகந்தி பெட்டியோடு நின்றாள். கிழக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. அவளுடைய நீள நிழல் அப்பாவின் மேல் முழுசாக விழுந்தது. அவள் சட்டென்று விலகப் போனாள்.

"அப்படியே நில்லுத்தா," என்றார் அப்பா. "மூஞ்சில வெயிலு அடிக்காம நல்லாருக்கு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மதுரை பஸ் வந்தது.

போன வாரம் அதே பொட்டலில் புது பேனர் கட்டியிருக்கிறார்கள். யாரோ காற்றுச் சித்தராம், மூச்சை அளக்கிறாராம். முதல் பஸ்ஸில் இப்போதே நெருக்கடி. ஏறுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நிழலைக் காட்டியே காட்டுக்காரனை அம்மா மடக்கிய மூளைதான் உங்கள் தலையிலும் இருக்கிறது. பஸ்ஸில் ஏறும்போது அதையும் கூட ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்குத் தனி டிக்கெட் கிடையாது.