தீவுக் காப்புப் பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது

மனித குலம் கண்ட எதிர்ப்பியக்கங்களில் ரம்லியா தீவுக் காப்புப் பேரவைக்கு நிகரான இன்னொன்று கிடையாது என்று அடித்துச் சொல்லலாம். பேரரசுகளை எதிர்த்தவர்கள் உண்டு. பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம்கூடத் தேறாத ஒரு தீவில், நாற்காலியை விட்டு அதிகம் எழாமலே, ஒரு ராட்சத நிறுவனத்தை ஓட ஓட விரட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான். அந்த வெற்றியின் வரலாற்றை உரிய மரியாதையோடு கேட்க வேண்டும்.

பேரவையின் உறுப்பினர்கள் பதினொருவர். அதில் ஒரே பெண் நஸீஹா. மற்றவர்கள் சேர்ந்தது கொள்கைக்காக. நஸீஹா சேர்ந்தது தன் மீன்பட்டிக்காக. கொள்கை இல்லாத ஒருத்தியையும் சேர்த்துக்கொண்ட பேரவையின் பெருந்தன்மையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது.

ரம்லியாவில் நிலத்துக்கு மட்டுமல்ல, கடலுக்கும் பத்திரம் உண்டு. முழங்கால் ஆழக் கடலில் பேரீச்ச மட்டைகளை வரிசையாக ஊன்றி வேலி கட்டுவார்கள். கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் மீன் இறக்கத்தில் வழி தெரியாமல் கூண்டில் போய் விழும். அதுதான் பட்டி. இலையுதிர் காலத்தில் ஊன்றுவார்கள், கோடைக்கு முன் பிடுங்கிவிடுவார்கள். கோடை முழுக்கக் கடலுக்கு ஓய்வு. அப்போது பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். ஆனாலும் எந்த ரம்லியாக்காரனும் அடுத்தவர் பட்டிக்குள் படகை விடமாட்டான், சுற்றிக்கொண்டுதான் போவான். பலகை இல்லை, கயிறு இல்லை. யாருடையது எது என்று எல்லாருக்கும் தெரியும்.

நஸீஹாவின் வாப்பா விட்டுப்போன பட்டி துறைமுகத்துக்கு நேர் எதிரே இருந்தது. புருஷன் இறந்த பிறகு அவளே இடுப்பில் துணியை இறுக்கிக்கொண்டு இறங்கி மட்டை ஊன்றினாள். மடவை, பேய்க்கணவாய், நல்ல வருஷமாக இருந்தால் கொஞ்சம் விலாங்கு. அது போனால் அவளுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

போன ஜூலையில் நீலக்கரை நிறுவனத்தின் அளவையாளர்கள் தொப்பியோடு வந்தார்கள், அளந்தார்கள், போனார்கள். நானூறு அறைகள், உல்லாசப் படகுத்துறை, கடலைத் தோண்டி ஒரு கால்வாய். அவர்கள் போட்ட வரைபடத்தில் நஸீஹாவின் பட்டி இருந்த இடத்தில் ‘வெற்று நீர்ப்பரப்பு’ என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த வருஷம் செப்டம்பருக்குள் எதிர்க்கரையில் இருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரின் அரசு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது.

பேரவை பிறந்தது. முதல் கூட்டம் ஃபர்ஜானியின் காபிக் கடையில். தலைவர் உஸ்தாத் ஷாத்லி, ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். முப்பது வருஷம் மற்றவர்களின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தவர், இப்போதுதான் முன்னால் வந்திருந்தார்.

“உஸ்தாத், எங்கிட்ட பத்திரம் இருக்கு” என்றாள் நஸீஹா. “நாளைக்குக் காலைக் கப்பல்ல போயி மனுவைக் குடுத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுறேன்.”

“நஸீஹா, உன் உணர்ச்சியைப் பேரவை மதிக்குது. ஆனா மனு யாரு வேணா குடுக்கலாம். நாம எதிர்க்கணும்.”

“மனு குடுத்தா அது எதிர்ப்பு இல்லையா?”

“அது வேலை, அக்கா” என்றான் செயலாளர் லஸாத். “எதிர்ப்பு வேற.”

மனுவின் வாசகத்தை முடிவு செய்ய மூவர் துணைக்குழு அமைக்கப்பட்டது. ‘கண்டிக்கிறோம்’ என்று எழுதுவதா, ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று எழுதுவதா என்பதில் துணைக்குழு குளிர்காலம் வரைக்கும் உழைத்தது. அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உழைத்ததாக அவர்களே சொன்னார்கள்.

இதற்கிடையில் கடல் தாண்டிய அறக்கட்டளை ஒன்று பேரவையின் புகழைக் கேள்விப்பட்டு உதவ முன்வந்தது. ஒரே நிபந்தனை: நிரந்தர முகவரி வேண்டும்.

“காபிக் கடை முகவரி ஆகாதா?” என்று ஃபர்ஜானி கேட்டார்.

“எதிரி சிரிப்பான்” என்றார் உஸ்தாத்.

எனவே பூநாரைகள் நிற்கும் உப்புச் சதுப்பை மண் கொட்டி மேடாக்கிப் பேரவைக்கு அலுவலகம் எழுந்தது. கீழ்த்தளத்துக்குக் கடல் வரும் என்பதால் மேலே ஒரு மாடி. “கடல் ஏறிக்கிட்டே வருது, அதனாலதான் இங்க எதுவும் கட்டக்கூடாதுங்கறோம். கடல் ஏறிக்கிட்டே வருது, அதனாலதான் நமக்கு மாடி” என்று உஸ்தாத் விளக்கியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். நஸீஹாவும் கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தின் நகலை இரும்பு அலமாரியில் பத்திரமாக வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பூநாரைகளின் கருத்து கேட்கப்படவில்லை, அவை உறுப்பினர்கள் அல்ல.

அடுத்து நிபுணர்கள். கடற்புல் நிபுணர் ஒருவர், மணல் நிபுணர் ஒருவர், ‘சமூக உணர்வு’ நிபுணர்கள் நால்வர். அவர்கள் எங்கே தங்குவது? தீவில் ஹோட்டல் கிடையாது. ஹோட்டல் கூடாது என்பதற்காகத்தானே பேரவையே இருக்கிறது.

“அப்ப ரூம் கட்டுவோம்” என்றான் லஸாத்.

“ரூம் கட்டினா அது ஹோட்டல்தானே?” என்றாள் நஸீஹா.

“அவங்க கட்டினா ஹோட்டல். நாம கட்டினா களஆய்வு முகாம்.”

அந்த வேறுபாடு அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் கடற்புல் நிபுணர் வந்து, அவள் பட்டியில் எத்தனை வகைக் குஞ்சுமீன் வளர்கிறது என்று எழுதிக் கொடுப்பார் என்றார்கள். கையெழுத்துப் போட்டாள். இருபத்திரண்டு அறைகள் எழுந்தன. எழுபது பேரீச்சை மரங்கள் ‘தற்காலிகமாக அகற்றப்பட்டன’. பட்டியில் ஒடிந்த மட்டைகளுக்கு மாற்று வெட்ட அவள் கழுதை வண்டியைக் கட்டிக்கொண்டு தீவின் மறுகோடிக்குப் போக வேண்டியிருந்தது. வண்டி போவதற்குச் சாலை நன்றாக இருந்தது. நிபுணர்களின் கருவிகள் குலுங்கக் கூடாது என்று பேரவை போட்ட தார்ச்சாலை அது. அதிலும் அவள் கையெழுத்து இருந்தது.

நிபுணர் வந்தார். மூன்று நாள் தங்கினார். காற்று அதிகம் என்று பட்டிப் பக்கம் போகாமலே, தீவின் நிலைமை கவலைக்கிடமாக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எழுபது மரம் குறைந்ததால்தான் காற்று அதிகம் என்று நஸீஹாவுக்குத் தோன்றியது. சொன்னாள். அவள் ‘மதிப்புமிக்க கருத்து’ குறித்துக்கொள்ளப்பட்டது.

ஆகஸ்டில் பேரவை தன் உச்சத்தைத் தொட்டது: ‘மிகைக் கட்டுமானத்துக்கு எதிரான மாபெரும் மாநாடு’. பதினேழு நாடுகளிலிருந்து பிரதிநிதிகள். அவர்களைச் சாதாரணக் கப்பலில், ஆட்டோடும் காய்கறி மூட்டையோடும் ஏற்ற முடியுமா? அறக்கட்டளையே சொந்தப் படகு அனுப்பியது. மூன்றடுக்குப் படகு. ஒத்திகைக்கு வந்தபோது கரைக்கு அரை மைல் முன்பே தரைதட்டி நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த ஏற்றத்தில்தான் கிளம்பியது.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. மாடியில், விசிறிக்கு அடியில்.

“சின்னதா ஒரு வாய்க்கால்” என்றார் உஸ்தாத். “கால்வாய் இல்லை, வாய்க்கால். படகு வர்ற அளவுக்கு.”

“எந்த வழியா?” என்றாள் நஸீஹா.

உஸ்தாத் வரைபடத்தை விரித்தார். நீலக்கரை நிறுவனத்தின் வரைபடம்தான். தீவுக்கு அதைவிட நல்ல வரைபடம் வேறு யாரும் போட்டுக் கொடுத்ததில்லை. துறைமுகத்திலிருந்து விரலால் நேராக ஒரு கோடு இழுத்தார். விரல் ‘வெற்று நீர்ப்பரப்பு’ மேல் போய் நின்றது.

“இந்தா, இங்க ஒண்ணுமில்லை.”

நஸீஹா எழுந்து வந்து வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள்.

“உஸ்தாத்” என்றாள் நஸீஹா. “அது என் பட்டி.”

“மட்டை ஊன்றினப்ப பட்டி. இப்ப ஆகஸ்ட். நான் ஆகஸ்டைப் பத்தி மட்டும்தான் பேசறேன்.”

“உங்க வாப்பா தலை சுத்தற வெயில்லயும் எங்க பட்டியைச் சுத்திக்கிட்டுத்தான் துடுப்புப் போடுவாரு. நடுவில பூந்து போனா கால்மணி நேரம் மிச்சம். ஒருநாள் போனதில்ல. ஒண்ணுமில்லைன்னு அந்தத் தொப்பிக்காரன் சொல்லலாம், நீங்க சொல்லலாமா?”

உஸ்தாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபர்ஜானி தரையைப் பார்த்தார். அவருடைய பட்டி பக்கத்துப் பட்டி.

“ஒரு குடும்பத்தோட நலனா, தீவோட நலனா?” என்றான் லஸாத். “வாக்கெடுப்பு.”

பத்துக் கைகள் எழுந்தன. ஃபர்ஜானியின் கை கடைசியாக, காதைச் சொறிவதுபோல எழுந்தது.

“ஏகமனது” என்று எழுதினான் லஸாத்.

“நான் கை தூக்கலியே!”

“கை தூக்காதவங்க நடுநிலை, அக்கா. நடுநிலைன்னா எதிர்ப்பில்லை. எதிர்ப்பில்லைன்னா ஏகமனது.”

திங்கட்கிழமை காலை, தூர்வாரும் இயந்திரம் ஒரு மிதவை மேல் ஏறி வந்தது. ஓட்டியவன் ஹம்தா, ஸ்ஃபாக்ஸ்காரன். பட்டி எல்லையில் ஒரு பெண் இடுப்பளவு ஏற்றத் தண்ணீரில் நிற்பதைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினான். மிதவையின் முன்விளிம்பில் குடை பிடித்து நின்றிருந்த உஸ்தாத், ‘மேற்பார்வை’ செய்துகொண்டிருந்தார்.

“அம்மா, என்ன தொலைச்சீங்க? தேடித் தரட்டுமா?” என்றான் ஹம்தா.

“ஒண்ணும் தொலைக்கல. இது என் இடம், நிக்கிறேன்.”

ஹம்தா சுற்றுமுற்றும் பார்த்தான். தண்ணீர். “இங்கயா?”

“துறைமுகத்துத் தூணையும் அந்த ஒத்தைப் பேரீச்சையையும் ஒரே நேரா பாரு. அங்கேருந்து நான் நிக்கிற வரைக்கும். குட்டிமீனெல்லாம் இப்ப அடியில புல்லுக்குள்ள கிடக்கு. நீ வாரினா புல்லும் போச்சு, அதுவும் போச்சு.”

“உஸ்தாத், இது யாரோடது?”

“ஆகஸ்ட்ல யாரோடதும் இல்லை” என்றார் உஸ்தாத், குடைக்கடியிலிருந்து.

ஹம்தா கொஞ்சம் யோசித்தான். பிறகு இயந்திரத்தை ஒரு உதை உதைத்தான். அது முனகி அடங்கியது.

“பழுது” என்றான். “வியாழக்கிழமை வரைக்கும் ஓடாது. உதிரிபாகம் வரணும்.”

“உதைச்சா பழுதாகுமா?”

“உஸ்தாத், இதெல்லாம் தொழில்நுட்பம்.”

ஒரு வருஷத்தில் இது யாருடையது என்று கேட்ட முதல் ஆள் அவன்தான். அவனும் தீவுக்காரன் அல்ல. நஸீஹா கரையேறினாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அழுவதற்கு நேரமில்லை. ஈரத்துணியை மாற்றிக்கொண்டு, இரும்பு அலமாரியில் இருந்த நகலைக் கேட்கப் போகாமல், வீட்டுப் பெட்டியிலிருந்து அசல் பத்திரத்தையே எடுத்துக்கொண்டு கப்பலேறினாள்.

ஸ்ஃபாக்ஸ் அலுவலகத்தில் இருந்தது நடுத்தர வயது எழுத்தர் பெண் ஒருத்தி. பத்திரத்தைப் பார்த்தாள், ரம்லியாக் கோப்பை எடுத்தாள்.

“நீலக்கரை மேலயா ஆட்சேபம்? அவங்க மூணு வாரத்துக்கு முன்னாடியே விலகிட்டாங்களேம்மா.”

நஸீஹா பத்திரத்தை மடித்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். “எங்க பேரவை மனுவைப் பார்த்து பயந்துட்டாங்களா?”

“மனுவா? அப்படி எதுவும் வரலியே.” எழுத்தர் ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தாள். “‘அளவுக்கு மீறிய கட்டுமானங்களால் தீவின் இயற்கை அமைதி ஏற்கெனவே கெட்டுவிட்டபடியால், எங்கள் விருந்தினர்களுக்கு அது உகந்த இடமாக இல்லை.’ அவ்வளவுதான்.”

“அப்ப பேரவைகிட்டருந்து இங்க என்னதான் வந்திருக்கு?”

“எல்லாம் கட்டிட அனுமதி விண்ணப்பம்தான். அலுவலகம், அறைகள், சாலை, மேடை, வாகன நிறுத்தம், இப்ப கடைசியா வாய்க்கால். எல்லாம் ஏகமனது.” எழுத்தர் பக்கங்களைப் புரட்டினாள். “வாய்க்காலுக்கு ஆட்சேபம் எழுதிடலாமா? பத்திரம் கையில இருக்கு. இன்னிக்கே தடை போட்டு அனுப்பிடலாம்.”

“எழுதுங்க” என்றாள் நஸீஹா. உடனே கையைத் தூக்கித் தடுத்தாள். வாய்க்கால் படகுக்காக. படகு விருந்தாளிக்காக. விருந்தாளி அறைக்காக, அறை அலுவலகத்துக்காக. இதை மட்டும் நிறுத்தினால் அடுத்த ஆகஸ்டில் வேறு யாராவது ஒருவருடைய பட்டி.

“எல்லாத்துக்கும் எழுதுங்க. அலுவலகத்துலருந்து.”

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, வாய்க்காலைத் தவிர எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. ஆட்சேபம் உங்க மேலயும்தான் வரும்.”

“தெரியும். என் பேரை முதல்ல எழுதுங்க.”

“தலைவர் பேரை முதல்ல போடறதுதான் வழக்கம்.”

“அவரு எப்பவும் முதல்லதான் இருக்காரு. இதுல ரெண்டாவதா இருக்கட்டும்.”

எழுத்தர் பதினொரு பேரையும் எழுதினாள். ரம்லியா தீவைக் காப்பதற்காக அரசு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த முதல் மனு அது. கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்ன போட? கோப்புல இருக்கிற வரைபடத்துல நீலக்கரைக்காரங்க உங்க பட்டியை ஒண்ணுமில்லைன்னு போட்டாங்கன்னு எழுதவா?”

“வேண்டாம்மா. அவங்களுக்குத் தெரியாது” என்றாள் நஸீஹா. “எங்களுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னு எழுதுங்க.”