அக்கா பேசியதும் நான் சேர்த்த சத்தமும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாரையும் எதையும் நம்ப மாட்டேன். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் போர்டைப் படிப்பேன், டிரைவரைக் கேட்பேன், கண்டக்டரைக் கேட்பேன், உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வேன். (நான் கேட்ட கேள்வியில் அவருக்கே சந்தேகம் வந்து இறங்கிப் போனதும் உண்டு.) இந்த வியாதியால் என் அக்காவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கூட்டிச் சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் தறி வீடு. பின்கட்டில் விசைத்தறி, இடப்பக்கத்து வீட்டில் தறி, வலப்பக்கத்து வீட்டில் தறி. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரைக்கும் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் கத்திப் பேசினால் தொண்டைதான் போகும். அதனால் தறி ஓட்டுகிறவர்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அம்மா இந்த மூலையில் நின்று வாயசைத்தால் அப்பா அந்த மூலையிலிருந்து பதில் சொல்வார். சுகந்தி அக்காவும் இதில் கில்லாடி. எனக்கு மட்டும் வராது. படிக்கிற பையன் கெட்டுவிடுவான் என்று என்னைத் தறிப்பக்கமே விடவில்லை. படித்துக் கிழித்ததைத்தான் இப்போது பார்க்கப்போகிறீர்கள்.

திருச்சுழியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அதற்கு முன்னால் வந்த போட்டோக்களை அக்கா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தப் போட்டோவை மட்டும் போனில் விரல் வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா அப்பிடி பாக்குற?"

"பின்னாடி இருக்க கப்பலப் பாக்குறேன்லே."

அந்தப் போட்டோவில் கப்பலே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "பொண்ணு ரெண்டு வார்த்த பேசுற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்க. நடுக்கடல்ல அவனுக்குப் பேச லைன் கெடைக்காது. வீடியோன்னா எப்பவாச்சும் பாத்துக்கிருவான்."

எனக்கு உடனே சந்தேகம். பேச லைன் கிடைக்காதவருக்கு வீடியோ மட்டும் எப்படிப் போகும்? அப்பாவிடம் சொன்னேன். "ஏலே, நீ வாய மூடிக்கிட்டு வீடியோவ எடு" என்றார்.

ஆனால் வீட்டில் எடுத்தால் தறிச் சத்தம்தான் பேசும். ஊருக்கு வெளியே பரளச்சி ரோட்டுப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குப் போகலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பொண்ணு பாக்குற வீடியோவுல முள்ளுக்காடு தெரிஞ்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?" பாளையம்பட்டியில் இருந்த ஸ்டூடியோக்காரரிடம் கொடுக்கலாம் என்றார் அப்பா. அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு கடை டிவியில் ஓடவிட்டால்?

அதனால் நானே ஒரு திட்டம் போட்டேன். படத்தை வீட்டில் எடுப்பது, குரலைக் கண்மாயில் பதிவது, இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்ப்பது. இந்த வேலைக்குப் போனிலேயே ஆப் இருக்கிறது. ஆனால் அது என் போனில் இருக்கிற நம்பரையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது. வீடியோவையும் ஆடியோவையும் சேர்க்கிறதுக்கு எங்கள் பெரியப்பா நம்பர் எதற்கு? கடைசியில் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் கிடைத்தது. வீடியோவைத் தேர்ந்தெடு, ஆடியோவைத் தேர்ந்தெடு, சேர். மூன்றே பொத்தான். இலவசம் என்று போட்டிருந்ததால் இறக்கியதும் முதல் காரியமாக நெட் வயரைப் பிடுங்கினேன். கேமராக் கண்ணில் அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன்.

கண்மாயில் அக்கா நன்றாகவே பேசினாள். "வணக்கம். என் பேரு சுகந்தி. எம்.காம். முடிச்சிருக்கேன். சமையல் நல்லா வரும். பெரியவங்கள மதிச்சு நடப்பேன்." (சமையல் சுத்தப் பொய். பெரியவர்கள் விஷயம் எனக்குச் சந்தேகம்.)

வீட்டில் படம் எடுத்ததுதான் பெரும்பாடு. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, ஃபேனைப் போட்டால் முடி பறக்கிறது என்று அதையும் நிறுத்தியாயிற்று. ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும் ஏதோ தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றும். "இன்னொரு தடவக்கா" என்பேன். கடைசியில் அக்கா என் காதுக்குள் வந்து கத்தினாள்.

"இதுல வர்ற சத்தத்தத்தான் வெட்டி எடுத்துருவேல்ல?"

"ஆமா. நீ சும்மா வாய அசை. சிரிச்ச மொகமா இருந்தாப் போதும்."

அசைத்தாள். அடடா, என்ன சிரிப்பு. தறிச் சத்தத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் இருப்பதிலேயே நல்லதாக வந்தது.

சேர் பொத்தானை அமுக்கினேன். சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு குறை, குரல் முடிந்த பிறகும் படம் கொஞ்ச நேரம் ஓடியது. அக்கா சத்தமில்லாமல் வாயசைத்தபடி, முதலில் சிரித்ததைவிட அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாலை வெட்டக் காசு கட்டி கார்டு நம்பர் கொடுக்க வேண்டுமாம். நானா கொடுப்பேன்? இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். நேராகத் திருச்சுழிக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாளே போன் வந்தது. "வெள்ளிக்கிழம வாரோம். வீடியோ எடுத்த தம்பியும் வீட்டுல இருக்கட்டும்."

என்னை எதற்கு இருக்கச் சொல்கிறார்கள்? எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அக்காவோ சந்தோஷமாக இருந்தாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தார். காபி குடித்தார். போனை எடுத்து நடுவில் ஸ்டூலில் வைத்து வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்தார். திரையில் அக்கா சிரித்துக்கொண்டே வாயசைக்க, அந்த அம்மா தன் குரலில் பேச ஆரம்பித்தார்.

"ஏலே வெளங்காத பயலே, பட்டுச்சேலைக்குள்ள வெந்து சாகுறேன். இன்னொரு தடவன்னு சொன்ன, அந்தப் போனப் புடுங்கி எறிஞ்சுருவேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். (எங்கள் வீட்டில் கன்னடம்தான் பேசுவோம், உங்களுக்காகத்தான் இதுவரை தமிழில் சொன்னேன். திட்டுவது மட்டும் தமிழில். அதில்தான் வார்த்தை வசதி.)

"வீடியோ கேக்குதாம்ல அந்தம்மா. நான் என்ன சந்தையில நிக்கிற மாடா, பல்லப் பாத்து வாங்க? அந்தம்மாவ ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. எனக்கு மாமியாரா வரத் தோதுப்படுமான்னு நானும் பாக்குறேன்."

உதடும் குரலும் இம்மி பிசகவில்லை. அந்த வீடியோவுக்குச் சரியான ஆடியோவைச் சேர்த்தது அந்த அம்மாதான்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"நான் வாக்கப்பட்டதுதான் ஜவுளிக்கட. பொறந்தது தறி வீடு" என்றார் அந்த அம்மா. "முதல்ல சத்தத்தோட பாத்தேன். காதுல பெரியவங்கள மதிப்பேன்னு கேக்குது, வாயி மாடாங்குது. பொண்ணு ஊமையோ, வேற யாரையும் பேசவச்சு ஒட்டி அனுப்பிட்டாகளோன்னு ஒரே சந்தேகம். அப்பறம் சத்தத்த அமத்திட்டுப் பாத்தேன்."

எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு தடவை காட்டியிருந்தால் போதும்.

இதற்குள் வீடியோ அந்த வால் பகுதிக்கு வந்துவிட்டது. அந்த அம்மா அதற்குக் குரல் கொடுக்கவில்லை. அக்காவைப் பார்த்துச் சத்தமில்லாமல் ஏதோ கேட்டார். அக்கா தலை குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, அதே போல உதட்டை மட்டும் அசைத்துப் பதில் சொன்னாள். அம்மா "அடி ஆத்தீ" என்றார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"என்ன சொன்னா? என்னான்னு சொல்லுங்க" என்றேன் நான்.

"அது எம் மகனப் பத்துன சங்கதி. ஒனக்கெதுக்கு தம்பி?" என்ற அந்த அம்மா அப்பா பக்கம் திரும்பினார். "இவ மனசுல இருக்கது அம்புட்டும் தெரிஞ்சுபோச்சு. இதுக்கு மேல நான் என்னத்த விசாரிக்க? தட்டு மாத்திக்கிருவோம். என்னையப் பேசுனதுக்கு வீட்டுக்கு வந்தப்பறம் பேசிக்கிறேன்."

கல்யாணம் நடந்தது. அக்கா அந்த வாலில் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. மச்சான் லீவில் வந்தபோது கேட்டுப் பார்த்தேன். உலகத்தில் பாதியைச் சுற்றி வந்த மனுஷர், வெட்கப்பட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

இப்போதும் திருச்சுழிக்கு நான் போனால், மாமியாரும் மருமகளும் கடையின் இரண்டு மூலையில் நின்றுகொண்டு உதட்டை அசைப்பார்கள், சிரிப்பார்கள். அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பலமான சந்தேகம். போன வாரம் அக்கா மகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஆமா மாமா, ஒங்களப் பத்தித்தான்" என்றாள், கடைக்கே கேட்கிற மாதிரி.